வாசல், இருக்கை, சாவி: இடையன்குடிக் கோவிலை முன்வைத்து

1

கோவையில் நாங்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிற இடத்தில், மிஷனரிகளின் தமிழ் எழுத்தைப் பற்றிய பேச்சு ஒருநாள் அவர்கள் கட்டிய கட்டடங்கள் பக்கம் திரும்பியது. தோழர் ஒருவர் சுருக்கமாக முடித்துவிட்டார். "ஏனுங்க, வெள்ளைக்காரன் அவன் ஊர்ல இருந்ததை இங்க கொண்டாந்து நட்டு வெச்சுட்டுப் போயிட்டான். அதுல வாசிக்கறதுக்கு என்னங்க இருக்குது?" தெற்கேயிருந்து வந்து இங்கே மில்லில் வேலை பார்க்கும் இன்னொரு தோழருக்கு இது சுருக்கென்று பட்டுவிட்டது. "அந்தக் கோவிலுக்குள்ளதான் எங்க ஆளுக முதமுதல்ல தலை நிமிந்து நடந்தாங்க. ஒங்களுக்கு அது வெள்ளைக்காரன் கட்டடம், எங்களுக்கு அப்படி இல்ல" என்றார்.

இரண்டு பேரும் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் இரண்டு பேருமே கட்டடத்துக்கு வெளியே நின்று அதன் உருவத்தைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார்கள். ஒருவருக்கு அந்த உருவம் காலனியத்தின் முத்திரை. மற்றவருக்கு விடுதலையின் சின்னம். உருவத்துக்கு நேரடியாக ஒரு அரசியல் உண்டு என்ற நம்பிக்கை இருவருக்கும் பொதுவாக இருக்கிறது. அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. அதற்கு எடுத்துக்கொள்வது திருநெல்வேலிச் சீமையின் செம்மணல் தேரிப் பகுதியில் இருக்கும் இடையன்குடிப் பரிசுத்த திரித்துவ ஆலயம். 1847இல் அடிக்கல் போட்டு, 1880இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. முப்பத்துமூன்று வருஷ வேலை. கட்டியவர் 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' எழுதிய அதே ராபர்ட் கால்டுவெல்.

கொங்கு நாட்டில் உட்கார்ந்துகொண்டு இடையன்குடிக்கு ஏன் போக வேண்டும்? நம் பக்கத்தில் விக்டோரியா காலத்து ஆங்கிலிக்கன் கோவில்கள் இல்லாமல் இல்லை. குன்னூர் ஆல் செயின்ட்ஸ், கோவை ரேஸ்கோர்ஸ் ஆல் சோல்ஸ், அவற்றுக்கு முன்னோடியாக விக்டோரியா பட்டமேறுவதற்கு முன்பே 1831இல் திறக்கப்பட்ட உதகை செயின்ட் ஸ்டீபன்ஸ். ஆனால் இவையெல்லாம் அதிகாரிகளும் தோட்டக்காரர்களும் ராணுவத்தாரும் தங்களுக்காகக் கட்டிக்கொண்டவை. உதகைக் கோவிலின் உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்த மரங்கள். தோற்ற அரசனின் மரம் ஜெயித்தவனின் கோவில் கூரையைத் தாங்குகிறது. இந்தக் கட்டடங்களை வாசிப்பது கஷ்டமில்லை. முதல் தோழர் சொன்ன ஒரு வரியே போதும். அதே உருவம் ஒரு தமிழ்க் கிராமத்தில், பனையேறிகளின் சபைக்காக எழும்போது என்ன ஆகிறது என்பதுதான் கஷ்டமான கேள்வி. அந்தக் கேள்வி தெற்கே இருக்கிறது.

2

முதலில் விக்டோரியா காலத்துக் கிராமக் கோவில் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலேயக் கோவில்களுக்கு மாதிரி கிரேக்க, ரோமானியக் கட்டடங்கள். முன்னால் உருண்டைத் தூண் வரிசை, மேலே முக்கோண முகப்பு, உள்ளே ஒரு பெரிய கூடம். சென்னை எழும்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் (1821) இந்த வகை. உள்ளே போனால் பிரசங்க மேடைதான் முக்கியம். கேட்பதற்கான இடம் அது.

1830களில் இங்கிலாந்தில் இதற்கு எதிராக ஒரு அலை கிளம்பியது. 1836இல் பியூஜின் என்ற கட்டடக் கலைஞர் 'கான்ட்ராஸ்ட்ஸ்' என்ற படப்புத்தகத்தை வெளியிட்டார். இடைக்காலத்துக் கட்டடங்களையும் தன் காலத்துக் கட்டடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, பாருங்கள், எப்படி இருந்த நாம் எப்படி ஆகிவிட்டோம் என்று காட்டிய புத்தகம். 1839இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் கேம்டன் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஒரு கோவில் எப்படி இருக்க வேண்டும் என்று விதி வகுத்தார்கள். கூர்வளைவுச் சன்னல், செங்குத்தான கூரை, சுவரைத் தாங்கும் உதைசுவர்கள். மக்கள் கூடும் நீண்ட நடுக்கூடம் ஒன்று. அதன் கிழக்கு முனையில், படியேறிப் போகும்படி, குருவானவருக்கும் திருப்பீடத்துக்கும் தனி அறை ஒன்று. ஞானஸ்நானத் தொட்டி மேற்கே வாசலுக்குப் பக்கத்தில். சபைக்குள் நுழைவது அதன் வழியாக என்பதால். பிரசங்க மேடை ஓரத்துக்குப் போய்விட்டது. பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கிராமக் கோவில்தான் இவர்களுக்கு இலட்சியம்.

இந்த ஏக்கம் எங்கிருந்து வந்தது? நீராவி ஆலைகள் கிராமத்தைக் காலிசெய்துகொண்டிருந்த காலம் அது. நகரத்துக்குப் போன தொழிலாளி கோவிலுக்கு வருவதை விட்டுவிட்டான். அவன் புரட்சிக்காரனாகிவிடுவானோ என்ற பயம் ஆளும் வர்க்கத்துக்கு இருந்தது. 1818இல் புதுக் கோவில்கள் கட்டுவதற்கென்று பாராளுமன்றம் பத்து லட்சம் பவுன் ஒதுக்கியதற்கு பக்தி மட்டுமா காரணம்? இல்லாமல் போய்க்கொண்டிருந்த ஒரு கிராமத்தை, பண்ணையாரும் பாதிரியாரும் கூலியாளும் அவரவர் இடத்தில் இருந்ததாகக் கற்பனை செய்துகொண்ட ஒரு கிராமத்தை, கல்லில் மீட்டெடுக்கிற முயற்சிதான் விக்டோரியா காலத்துக் கிராமக் கோவில். இதே கோதிக்கை இடதுபக்கமிருந்தும் வாசித்தவர்கள் உண்டு. கோதிக் சிற்பத்தின் ஒழுங்கின்மையில் கல்தச்சனின் சுதந்திரம் இருக்கிறது, ஆலையில் அது செத்துவிட்டது என்று 1853இல் ரஸ்கின் எழுதினார். வில்லியம் மோரிஸ் அங்கிருந்து சோஷலிசத்துக்கே போய்ச் சேர்ந்தார். ஆக, பிறந்த வீட்டிலேயே இந்த உருவத்துக்கு ஒரே ஒரு அர்த்தம் கிடையாது.

3

கால்டுவெல் 1814இல் அயர்லாந்தில் பிறந்து, கிளாஸ்கோவில் வளர்ந்தவர். இளவயதில் டப்ளினில் ஓவியம் படித்தவர் என்பது நம் விஷயத்துக்கு முக்கியம். 1838 ஜனவரியில் சென்னையில் வந்திறங்கியபோது அவர் லண்டன் மிஷன் ஆள். நம் கோவையில் 1830 முதல் வேலை செய்த ஆடிஸ் பாதிரியாரின் அதே மிஷன். அந்த மிஷனில் பிஷப் கிடையாது, பீடம் முக்கியமில்லை. வெறுங்கூடமும் பிரசங்கமும் போதும். 1841இல் கால்டுவெல் அதை விட்டு ஆங்கிலிக்கன் சபையின் எஸ்.பி.ஜி. மிஷனுக்கு மாறினார். சென்னையிலிருந்து தெற்கே கால்நடையாகக் கிளம்பி, சுற்றி, நீலகிரி ஏறி, அந்த வருஷம் செப்டம்பரில் உதகையில் பிஷப் ஸ்பென்சர் கையால் குருப்பட்டத்தின் முதல் படியைப் பெற்றார். பிறகு மலையிறங்கி மதுரை வழியாகத் திருநெல்வேலி. கொங்கு வெளியைத் தாண்டாமல் அந்த வழியில் போக முடியாது. இடையன்குடிக்குப் போன அந்தப் பாதையின் ஒரு துண்டு நம் ஊர்களுக்குள் கிடக்கிறது.

சபை மாறியது கட்டடத்தையும் மாற்றியது. வெறுங்கூடத்துச் சபையிலிருந்து பீடத்துச் சபைக்கு வந்தவர், கேம்டன் சங்கத்தின் குரல் உச்சத்திலிருந்த 1840களில் அடிக்கல் போட்டால் அது கோதிக்காகத்தான் இருக்கும். வெயில் நாடுகளுக்குக் கோதிக்கை எப்படி மாற்றுவது என்று அந்தச் சங்கத்தார் அதே வருஷங்களில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். சின்னச் சன்னலா பெரிய சன்னலா, கனத்த சுவரா, சுற்றிலும் தாழ்வாரமா என்றெல்லாம். கேம்பிரிட்ஜில் அது பேச்சு. தேரிக்காட்டில் அது வெயிலும் மணற்காற்றும். கூர்வளைவு என்ன என்று ஐரோப்பிய வரைபடம் சொல்லும். அதைக் கல்லில் ஏற்றுவது இங்கத்திய கொத்தனார் கை. தெற்கத்திச் சுண்ணாம்பு வேலையில் கருப்பட்டித் தண்ணியும் கடுக்காய்ச் சாறும் சேர்த்து அரைப்பது வழக்கம். கருப்பட்டி எங்கிருந்து வருகிறது? பனையேறியின் மார்புத் தழும்பிலிருந்து.

ரஸ்கினின் கேள்வியை இங்கே போட்டுப் பார்க்கலாம். கோதிக் என்பது கல்தச்சனின் சுதந்திரம் என்றால், தான் கண்டே இராத ஒரு நாட்டின் வளைவை வரைபடம் பார்த்துச் செதுக்கிய தமிழ்த் தச்சனுக்கு எந்தச் சுதந்திரம் இருந்தது? கட்டியவர் என்று நாம் கால்டுவெல் பெயரைத்தான் சொல்கிறோம், நானும் மேலே அப்படித்தான் எழுதினேன். முப்பத்துமூன்று வருஷம் கல் சுமந்தவர்களுக்கு நம் பேச்சில் பெயர் இல்லை.

அந்த முப்பத்துமூன்று வருஷத்துக்குள் என்னென்ன நடந்தது என்று வரிசையாக வைத்தால் கட்டடம் வேறு மாதிரி தெரிகிறது. 1849இல் கால்டுவெல் 'திருநெல்வேலிச் சாணார்கள்' என்ற நூலை வெளியிட்டார். தன் சபையாரின் அறிவையும் வழிபாட்டையும் தாழ்த்திப் பேசிய நூல். 1856இல் ஒப்பிலக்கணம், அதன் விரிந்த பதிப்பு 1875இல். 1859இல் திருவிதாங்கூரில் தோள்சீலைக் கலவரம் முடிந்து அரசாணை வந்தது. 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம். அப்போது ஆயிரக்கணக்கில் சபையில் சேர்ந்தார்கள். 1877இல் கால்டுவெல் பிஷப். 1880இல் கோவில் பிரதிஷ்டை. தமிழின் தொன்மையை உலகுக்கு நிறுவிய அதே கை, பக்கத்து வீட்டுப் பனையேறியைக் கீழாக எழுதியது. அவனுக்கே ஒரு கோவிலும் கட்டியது. இந்த மூன்றையும் ஒரே ஆள் செய்தார் என்பதை நம்மால் சேர்த்து வைத்துப் பார்க்க முடிவதில்லை. திராவிட இயக்கத்தார் ஒப்பிலக்கணத்தை எடுத்துக்கொண்டு 1968இல் மெரினாவில் சிலை வைத்தார்கள். சபையார் கோவிலை எடுத்துக்கொண்டார்கள். மூன்றாவது நூலை அவரவர் வசதிக்கேற்ப மறந்தோம்.

4

சரி, ஏன் கோதிக்? உள்ளூர் பாணியில் கட்டியிருக்கலாமே என்று இன்று கேட்பது சுலபம். பண்பாட்டுமயமாதல் பற்றிப் பேசும் இறையியல் நண்பர்களும் கேட்கிறார்கள், மண்ணின் மரபு பேசும் நண்பர்களும் கேட்கிறார்கள். இதற்குப் பதிலாக ஒரு எதிர்க்காட்சியைப் பக்கத்தில் வைக்கிறேன்.

1879இல் சென்னைக் கடற்கரையில் ஒரு கட்டடம் முடிந்தது. சிஷோம் வடிவமைத்த பல்கலைக்கழக செனட் ஹவுஸ். இந்தோ சாரசனிக் என்று சொல்லப்படும் பாணி: இஸ்லாமியக் குவிமாடம், இந்தியத் தூண், வண்ணக் கண்ணாடி. அடுத்த வருஷம் இடையன்குடியில் கோதிக் கோவில் பிரதிஷ்டை. கவனியுங்கள். தலைநகரத்தில் அரசாங்கம் இந்திய உடை போட்டுக்கொள்கிறது. தேரிக்காட்டில் பனையேறி இங்கிலீஷ் உடை போட்டுக்கொள்கிறான். உருவம்தான் அரசியல் என்றால் செனட் ஹவுஸ் தேசியமாகவும் இடையன்குடி அடிமைத்தனமாகவும் ஆக வேண்டும். அப்படியா ஆனது? முகலாயனுக்கும் நாயக்கனுக்கும் பிறகு நான்தான் வாரிசு என்று ஆள்கிறவன் சொல்லிக்கொள்ள இந்திய உருவம் அவனுக்குத் தேவைப்பட்டது. அந்த 'இந்திய' உருவத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு அது எப்படி வீடாகும்?

'உள்ளூர் பாணி' என்றால் எது என்று கேட்க வேண்டியிருக்கிறது. கல் மண்டபமும் கோபுரமும் என்றால், அந்த மண்டபத்துக்குள் சாணார் சாதியாருக்கு அனுமதி இல்லை. அவர்களுடைய சொந்த வழிபாட்டிடம் பனைமரத்தடியில் ஒரு பீடம், ஓலைக் கொட்டகை, அம்மன், மாடன். கோபுரத்தைப் போலக் கட்டினால் அது தங்களைத் துரத்திய இடத்தின் சாயல். பீடத்தைப் போலக் கட்டினால் மிஷனரி அதைப் 'பேய்' என்று சொல்லியாயிற்று. இரண்டுக்கும் நடுவில் வந்தது கூர்வளைவு. அந்நியமாக இருந்ததே அதன் பலம் என்று சொல்லத் தோன்றுகிறது. உள்ளூர்ச் சாதி ஒழுங்கில் அதற்கு முன்கூட்டி ஒதுக்கப்பட்ட இடம் எதுவும் இல்லை. யார் எங்கே நிற்க வேண்டும் என்று பழக்கம் விதித்துவைக்காத கட்டடம்.

அந்நியக் கட்டடத்துக்கு வைத்த பெயரை மட்டும் மக்கள் அந்நியமாக விடவில்லை. திருநெல்வேலிப் புராட்டஸ்டண்ட்காரர்கள் இன்றும் 'சர்ச்' என்று சொல்வதைவிட 'கோவில்' என்றுதான் சொல்கிறார்கள். "கோவிலுக்குப் போயிட்டு வாறேன்." பாதிரியார் 'ஐயர்'. எந்த வாசல் மறுக்கப்பட்டதோ அந்த வாசலின் பெயரையே எடுத்துத் தன் வாசலுக்கு வைத்துக்கொண்டது சின்ன விஷயமில்லை.

5

இனி உருவத்தை விட்டுவிட்டு மூன்று கேள்விகள். ஒரு கட்டடத்தின் அரசியலை அறிய இவை எனக்கு உதவுகின்றன. யார் எந்த வாசல் வழியாக நுழைகிறார்கள்? உள்ளே யார் எங்கே உட்காருகிறார்கள்? சாவி யார் கையில்?

முதலில் வாசல். 1880இல் இடையன்குடியில் பனையேறிக் குடும்பம் ஒரு பெரிய கற்கோவிலின் முன்வாசல் வழியாக நேராக உள்ளே போனது. இதன் கனம் தெரிய வேண்டுமென்றால் சுற்றுவட்டாரத்தைப் பார்க்க வேண்டும். 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோவிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். வழக்கு நடந்தது, கீழ்க்கோர்ட்டிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899இல் சிவகாசி பற்றி எரிந்தது. 'சாணார்' என்ற பெயர் அரசாங்கத் தாள்களில் 'நாடார்' ஆனதே 1921இல்தான். மதுரை மீனாட்சி கோவில் வாசல் தாழ்த்தப்பட்டோருக்கும் நாடார்களுக்கும் திறந்தது 1939 ஜூலையில். இடையன்குடிக் கதவுக்கும் மதுரைக் கதவுக்கும் நடுவில் ஐம்பத்தொன்பது வருஷம். நம் கூட்டத்தில் தெற்கத்தித் தோழர் பேசியது இந்த ஐம்பத்தொன்பது வருஷத்திலிருந்து. இங்கிலாந்தில் பழைய ஒழுங்கை மீட்பதற்காக எழுந்த உருவம் இங்கே ஒரு பழைய ஒழுங்குக்கு வெளியே போவதற்கு வழியானது. உருவம் அதேதான்; செய்த வேலை நேர் எதிர்.

இங்கே நிறுத்திக்கொண்டால் அது விசுவாசப் பிரச்சாரமாகிவிடும். உள்ளே போக வேண்டும்.

6

இருக்கை. இங்கிலாந்தின் கிராமக் கோவில்களிலும் சண்டை இருக்கையைப் பற்றியதுதான். பெரிய குடும்பங்கள் கதவு வைத்த பெட்டி போன்ற இருக்கைகளை வாடகைக்கும் பரம்பரையாகவும் வைத்திருந்தன. ஏழைக்குப் பின்னால் பலகை. கோதிக்காரர்கள் அந்தப் பெட்டிகளை உடைத்து எல்லோருக்கும் ஒரே மாதிரித் திறந்த பெஞ்சு போட வேண்டும் என்று கிளர்ச்சி செய்தார்கள். நல்ல காரியம். ஆனால் திறந்த பெஞ்சிலும் யார் முன்னால் என்பது எல்லோருக்கும் தெரியும்.

நம் ஊரில் இந்தச் சண்டை கட்டடத்தின் தரைப்படத்தையே மாற்றியது. இடையன்குடி இருக்கும் அதே தெற்கத்தி வட்டாரத்தில் வடக்கன்குளம் என்ற கத்தோலிக்க ஊர். அங்கே வெள்ளாளக் கிறிஸ்தவர்களும் நாடார்க் கிறிஸ்தவர்களும் ஒரே கூடத்தில் உட்கார மாட்டார்கள். தீர்வாக 1870களில் ஒரு கோவில் கட்டினார்கள்: இரண்டு நடுக்கூடங்கள், தனித்தனியாகக் கிளம்பி ஒரே பீடத்தில் வந்து சேரும். நடுவில் சுவர். பீடத்திலிருந்து பார்த்தால் இரண்டு கால்கள் விரிந்த மாதிரி இருக்கும். கால்சட்டைக் கோவில் என்று கேலியாகச் சொல்வார்கள். ஐரோப்பியக் கட்டடக் கலைப் புத்தகம் எதிலும் இல்லாத தரைப்படம் அது. அதைக் கண்டுபிடித்தது தமிழ்ச் சாதி. 1910இல் குருமார்கள் அந்தச் சுவரை இடித்தார்கள். வெள்ளாளத் தரப்பு நீதிமன்றம் போனது. தேவாலயத்துக்குள் சாதிக்கென்று தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

வடக்கன்குளத்தையும் இடையன்குடியையும் வெளியே நின்று பார்த்தால் இரண்டும் 'மேற்கத்தியக் கோவில்'. தரைப்படத்தைப் பார்த்தால் ஒன்றுக்குள் சுவர், இன்னொன்றில் ஒரே கூடம். இடையன்குடிச் சபையில் பெரும்பான்மை ஒரே சாதி என்பதால் சுவருக்கு அங்கே வேலை குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாதி ஒழிந்ததால் சுவர் இல்லாமல் இருப்பது வேறு, ஒரே சாதியாக இருப்பதால் சுவர் தேவைப்படாமல் போவது வேறு. தெற்கத்திச் சபைகளில் அசனம் என்று ஒரு திருநாள் உண்டு. ஊரே அரிசியும் காய்கறியும் போட்டு, கோவில் வளாகத்தில் பெரிய கிடாரங்களில் ஆக்கி, எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். ரொம்ப அழகான வழக்கம். அந்தப் பந்தியில் தலித் கிறிஸ்தவர் எங்கே உட்கார்ந்தார், செத்த பிறகு கல்லறைத் தோட்டத்தில் எந்த மூலையில் வைக்கப்பட்டார் என்று கேட்காமல் அந்த அழகைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. 1950இன் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவரான தலித் பட்டியலில் இல்லை. அரசாங்கம் அவரைக் கிறிஸ்தவர் என்று சொல்லி வெளியே நிறுத்துகிறது. பல இடங்களில் சபை அவரைத் தலித் என்று சொல்லி ஓரத்தில் நிறுத்துகிறது.

7

மூன்றாவது சாவி. இதுதான் நம் வாசிப்பில் அதிகம் தவறிப்போவது.

கால்டுவெல் கட்டியது கோவில் மட்டுமில்லை, ஊரையும்தான். நேரான தெருக்கள், கிணறு, மரங்கள், பள்ளிக்கூடம். அவருடைய மனைவி எலைசா பெண்களுக்குப் பள்ளியும் பின்னல் வேலையும் நடத்தினார். இந்தச் சீமையில் மிஷன் ஊர்கள் இப்படித்தான் உருவாயின. 1799இல் உருவான முதலூர் தொடங்கி நாசரேத், சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் என்று பெயர்களைக் கேட்டாலே தெரியும். பண்ணையாரின் அடியாளிடமிருந்து தப்பி வந்தவர்களுக்கு அது அடைக்கலம். அதே சமயம் நிலம் மிஷனுடையது, பள்ளி மிஷனுடையது, தகராறுக்குத் தீர்ப்பு ஐயர் சொல்வது. தவறு செய்தவனைச் சபையிலிருந்து விலக்கினால் அவன் ஊரிலிருந்தே விலக்கப்பட்ட மாதிரி. இங்கிலாந்துக் கிராமத்தில் பண்ணையாரும் பாதிரியாரும் இரண்டு ஆள். தேரியில் இரண்டு பேரும் ஒரே ஆள்.

இதைக் கோவில் கட்டி முடிவதற்கு முன்பே கண்டு சொன்னவர் ஒருவர் உண்டு. அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை. நாடார் சாதியில் பிறந்து, மிஷனில் படித்து, மிஷனில் வேலை பார்த்து, மிஷனரிகளோடு மோதி வெளியேறியவர். 1857இல் நாசரேத்துக்குப் பக்கத்தில் பிரகாசபுரத்தில் தனிச் சபை தொடங்கினார். இந்து கிறிஸ்தவ சபை. வெள்ளைக்காரக் குருப்பட்டம் வேண்டாம், ஐரோப்பியப் பழக்கங்கள் வேண்டாம், வேதாகமம் போதும். ஓய்வுநாள் ஞாயிறு இல்லை, சனி. தூபம் உண்டு. கிறிஸ்து யூதர், ஆசியாக்காரர், வெள்ளைக்காரன் நடுவில் எதற்கு என்பதுதான் அந்தச் சபையின் தர்க்கம். கால்டுவெல்லின் 1849 நூலுக்கு எதிராக அவரும் அவர் வழி வந்தவர்களும் எழுதினார்கள். 1880களில் அந்த எதிர்ப்பு மனுக்களாக அரசு வரைக்கும் போனது. தாங்கள் சத்திரியர் என்று அவர்கள் அதில் வாதித்ததும் உண்மை. சாதியை உடைப்பதற்கு அல்ல, சாதி ஏணியில் ஏறுவதற்கு. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

சட்டாம்பிள்ளையின் கதை, 'மக்கள் கோதிக்கை விரும்பி ஏற்றார்கள்' என்ற என்னுடைய மேற்கண்ட வாதத்துக்கே ஒரு தடை. சிலர் ஏற்றார்கள், சிலர் எழுந்து வெளியே போனார்கள். இரண்டு தரப்பும் அதே சாதி, அதே பனை, அதே மணல். வாசல் திறந்ததற்கு நன்றி, சாவியைக் கொடு என்றார் சட்டாம்பிள்ளை. சாவி வரவில்லை. அவர் தானே வேறு வீடு கட்டிக்கொண்டார்.

சாவி கைமாறியபோது கட்டடம் என்ன ஆனது என்பதற்கும் அதே மண்ணிலிருந்து ஒரு உதாரணம் உண்டு. மெய்ஞ்ஞானபுரத்தில் ஜான் தாமஸ் பாதிரியார் கட்டிய கோதிக் கோவிலின் கோபுரம் 192 அடி. அதன் பக்கத்து ஊர் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர் அசரியா. 1912இல் இந்திய ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார்; தெலுங்கு நாட்டுத் தோரணக்கல்லில் மாலா, மாதிகா சாதித் தலித் மக்களிடையே வேலை செய்தார். சாவி தன் கைக்கு வந்தபோது அவர் கோதிக் கட்டவில்லை. கோவில் மண்டபத் தூண்களும், மசூதிக் குவிமாடங்களும், தாமரையும் சிலுவையும் சேர்ந்த ஒரு பேராலயத்தைக் கட்டினார். பிரதிஷ்டை 1939 ஜனவரியில். அதே வருஷம் ஜூலையில்தான் மதுரையில் மீனாட்சி கோவில் கதவு திறந்தது. தலித் மக்களுக்கு மறுக்கப்பட்ட மண்டபத் தூணைத் தலித் சபைக்காக நட்டார் அசரியா. 1880இல் தள்ளிவைக்க வேண்டியிருந்த உருவத்தை 1939இல் எடுத்துக்கொள்ள முடிந்தது. தூணின் அர்த்தம் தூணுக்குள் இல்லை; நடுகிற கை யாருடையது, அதனடியில் யார் உட்காரப்போகிறார்கள் என்பதில் இருக்கிறது.

8

கால்டுவெல் 1891இல் கொடைக்கானலில் இறந்தார். உடலை மலையிறக்கிக் கொண்டுவந்து இடையன்குடிக் கோவிலுக்குள் அடக்கம் செய்தார்கள். அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு 2011இல் நினைவு இல்லமாகத் திறந்தது. கோவில் சி.எஸ்.ஐ. சபையிடம், வீடு அரசிடம், ஒப்பிலக்கணம் நம்மிடம். எல்லோரும் நன்றாகப் பங்கு பிரித்துக்கொண்டோம். 1947க்குப் பிறகு சாவி வெள்ளைக்காரனிடம் இல்லை. திருமண்டலத் தேர்தல்களில் சாதியும் பணமும் எப்படி வேலை செய்கின்றன என்பது அந்தச் சபைகளுக்குள்ளேயே போராடிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சாவி கைமாறுவது ஒரு தடவையோடு முடிகிற காரியம் இல்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நம் ஊருக்குத் திரும்பலாம். 1929இல் ஈரோடு ஈஸ்வரன் கோவிலுக்குள் சுயமரியாதைக்காரர்கள் தாழ்த்தப்பட்ட தோழர்களை அழைத்துக்கொண்டு போனார்கள், வழக்கு நடந்தது. அது வாசல் கேள்வி. டீக்கடை பெஞ்சில் யார் உட்காரலாம், யார் நின்று குடிக்க வேண்டும் என்று கொங்குக் கிராமங்களில் நடந்த சண்டை இருக்கைக் கேள்வி. சமுதாயக் கூடம் என்று அரசாங்கம் கட்டிக் கொடுத்ததன் சாவி ஊர்ப் பெரியவர் இடுப்பில் தொங்குவதைப் பார்த்தவர்களுக்கு மூன்றாவது கேள்வியை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கூடம் எந்தப் பாணியில் கட்டப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. சதுரமான சிமெண்ட் டப்பா. அதன் அரசியல் முழுவதும் அந்தச் சாவியில் இருக்கிறது.

கூட்டத்தில் கேட்ட தோழருக்கு இப்போது இதைத்தான் சொல்வேன். வெள்ளைக்காரன் கொண்டுவந்து நட்டது நிஜம்தானுங்க. நட்டது அவன், ஆனால் வாசலில் நுழைந்தது, பெஞ்சுக்குச் சண்டை போட்டது, சாவி கேட்டு வெளியேறியது எல்லாம் நம்ம சனம். அடுத்த முறை ஒரு கோபுரத்தையோ மினாரையோ கூர்வளைவையோ பார்த்து அண்ணாந்து நிற்கும்போது, கொஞ்சம் தலையை இறக்கிக் கதவைப் பாருங்கள். அப்புறம் உள்ளே போய், கடைசி வரிசையில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். வெளியே வரும்போது, பூட்டுகிறவர் யார் என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.